சிபி (செரிப்ரல் பால்சி, மூளை முடக்குவாதம்) குழந்தைங்களுக்கு வீட்லயே வீடியோ கேம் தெரபி பண்றது எப்படி: சேலத்துல இருந்து ஒரு அம்மா

சேலத்துல எந்த பிசியோ சென்டர் வாசல்ல செருப்பு மாட்டிட்டு நின்னாலும் இப்ப இந்த கேள்வி வந்துருது, "ஏங்க, கேம் விளையாட வெச்சே தெரபி பண்றாங்களாமே, வீட்ல பண்ணலாமா, எந்த கேம் வாங்கணும்?" பண்ணலாங்க, தாராளமா பண்ணலாம். ஆனா எந்த கேம்னு ஆரம்பிச்சா காசுதான் போகும், குழந்தை சோஃபால சாஞ்சுட்டு நல்லா இருக்கற கையால மட்டும் விளையாடிட்டு இருக்கும், நீங்க தெரபி நடக்குதுனு நெனச்சுட்டு குழம்பை பாக்க போயிடுவீங்க. முதல்ல எந்த அசைவு வேணும்னு முடிவு பண்ணணும், அந்த அசைவை பண்ணாதான் கேம் நகரும்ங்கற மாதிரி செட் பண்ணணும், அவ்ளோதான் இதுல இருக்கற வித்தை. கேம் வெறும் தூண்டில் புழு.

எங்க பையனுக்கு இடது பக்க ஹெமிப்ளீஜியா, அதாவது இடது கையும் காலும் மட்டும் சரியா வராது. என் நாத்தனார் ஏற்காட்டுல நாகலூர் பக்கம் இருக்காங்க, அவங்க பொண்ணுக்கு டைப்ளீஜியா, ரெண்டு காலும் டைட். பேரு ஒரே சிபிதான், ஆனா இவனுக்கு வெச்ச கேம் அவளுக்கு ஒண்ணுத்துக்கும் ஆகாது, அதனால ரெண்டு பேரையும் வெச்சே சொல்றேன்.

இது ஏன் வேலை செய்யுதுனு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும், இல்லனா தப்பா பண்ணிடுவோம். சிபிங்கறது பிறக்கறதுக்கு முன்னாடியோ பிறக்கறப்பவோ பிறந்து கொஞ்ச நாள்லயோ மூளைக்கு பட்ட அடி, அந்த அடி நாளாக நாளாக பெருசாகாது, ஆனா எலும்பு வளர்ற வேகத்துக்கு டைட்டான தசை நீளாது, அதான் வயசு ஏற ஏற மடங்கிட்டே போகுது. மூளை புது வழி கண்டுபுடிக்கணும்னா குழந்தை தானா முயற்சி பண்ணி அதே அசைவை திரும்ப திரும்ப செய்யணும், நாம கையை புடிச்சு ஆட்டி விடறது அதுல சேராது. "கையை தூக்கு சாமி, இன்னொரு தடவை, இன்னொரு தடவை"னு சொன்னா எந்த குழந்தைதான் செய்யும், மூணாவது தடவையிலயே அழுகை. அதே கையை பலூன் உடைக்க தூக்க சொன்னா எண்ணிக்கையே தெரியாம தூக்குவான். 2020ல ஆஸ்திரேலியாவோட அயோனா நோவாக் குழு சிபிக்கு எது வேலை செய்யுது எது செய்யலனு ஒரு பெரிய ரிவ்யூ போட்டாங்க, அதுல ரெண்டு கையும் சேந்து செய்யற பயிற்சி, நல்ல கையை அடக்கி வெச்சு மத்த கைக்கு வேலை குடுக்கற பயிற்சி, ஒரு குறிக்கோள் வெச்சு வீட்ல செய்யற பயிற்சி, இதுக்கெல்லாம் பச்சை விளக்கு குடுத்திருந்தாங்க. கேம் இந்த மாதிரி பயிற்சியை செய்ய வைக்கற ஒரு வழி, தனியா ஒரு வைத்தியம்னு நெனைக்க வேண்டாம். ஸ்ட்ரெச்சிங், ஏஎஃப்ஓ (கணுக்காலுக்கு போடற பிளாஸ்டிக் பட்டை), ஸ்டாண்டிங் ஃப்ரேம் (புடிச்சு நிக்க வைக்கற சட்டம்) எதையும் "அதான் கேம் ஆடறாளே"னு நிறுத்திடாதீங்க.

அடுத்து பிசியோ இல்லனா ஓடி (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) கிட்ட போய் கேக்கறது. இதை தாண்டி போகாதீங்க, யூட்யூப் பாத்து அசைவை முடிவு பண்ற விஷயம் இல்ல இது. நம்ம ஜிஹெச்ல, மோகன் குமாரமங்கலம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிலதான், டிஇஐசினு வளர்ச்சியில பிரச்சினை இருக்கற குழந்தைகளுக்கான பிரிவு இருக்கு, 18 வயசு வரைக்கும் பாப்பாங்க. ஸ்கூலுக்கு போக முடியாத குழந்தைனா பிஆர்சில (கல்வித்துறையோட வட்டார வள மையம்) இருந்து வீட்டுக்கே வந்து பயிற்சி குடுக்கறவங்க இருக்காங்க, அவங்க கிட்டயும் கேக்கலாம். போய் "கேம் ஆடலாமா"னு பொதுவா கேட்டா "ஆடலாம்"னுதான் சொல்லுவாங்க. இப்படி கேளுங்க: இவனுக்கு இப்ப வர்ற மூணு மாசத்துக்கு ஒரே ஒரு அசைவு முக்கியம்னா எது, அதை செய்யறப்ப எப்படி ஏமாத்துவான், எதை செய்யவே கூடாது. எங்களுக்கு கெடச்ச பதில், இடது கை தோள் உயரத்துக்கு வந்து முழங்கை நீளணும், ஏன்னா அப்பதான் சட்டைக்குள்ள கை தானா போகும். நாத்தனார் பொண்ணுக்கு, நிக்கறப்ப வெயிட் ரெண்டு கால்லயும் சமமா இறங்கணும்.

டாக்டர் கிட்டயும் சிலதை கேட்டே ஆகணும். ஃபிட்ஸ், இதுதான் முதல். சிபி குழந்தைங்கள்ல நாலுல ஒருத்தருக்கு ஃபிட்ஸ் இருக்கு, அதுல கொஞ்ச பேருக்கு வெளிச்சம் பளிச் பளிச்னு அடிச்சா வந்துரும், அதனால செகண்டுக்கு மூணு தடவைக்கு மேல மின்னற கேம் எதுவும் வேண்டாம், ரூம்ல லைட் போட்டுட்டு விளையாடட்டும், மாத்திரை விட்டுப்போன நாள், ராத்திரி சரியா தூங்காத நாள், காய்ச்சல் நாள் கேம் கிடையாது. இடுப்பு எக்ஸ்ரே கடைசியா எப்ப எடுத்தீங்க, இடுப்பு மூட்டு நகர்ற குழந்தைக்கு குதிக்கற கேம் எல்லாம் ஆபத்து. கண் டாக்டர் கிட்டயும் ஒரு நடை போயிடுங்க, கண்ணு நல்லா இருந்தும் மூளை அந்த படத்தை புரிஞ்சுக்காத பிரச்சினை இவங்களுக்கு நெறைய வரும், அப்படிப்பட்ட குழந்தைக்கு கலர் கலரா பேக்ரவுண்ட் ஓடுற கேம் ஒண்ணுமே தெரியாது, கருப்பு பேக்ரவுண்ட்ல ஒரே ஒரு மஞ்சள் பந்துனா தெரியும். ஆபரேஷன் பண்ணியிருந்தா சர்ஜன் சரினு சொல்ற வரைக்கும் வேண்டாம். தசையை தளர்த்தற போடாக்ஸ் ஊசி போட்டிருந்தா நேர் எதிர், அதோட எஃபெக்ட் மூணு மாசம் போலதான் இருக்கும், தசை தளர்ந்திருக்கற அந்த நேரத்துலதான் நல்லா வேலை வாங்கணும். ரெண்டு வயசுக்கு கீழ இருந்தா ஸ்க்ரீனே வேண்டாம்ங்க, நாலு வயசு வரைக்கும் டிவி செல்லு எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள, டபிள்யூஹெச்ஓ சொல்றது அதான்.

சரி, இப்ப உக்கார வைக்கறது. கேமை விட இதுக்குதான் அதிகம் மெனக்கெடணும். இடுப்பு சேரோட பின்பக்கம் ஒட்டியிருக்கணும், முட்டி மடங்கி பாதம் முழுசா ஊனியிருக்கணும், கால் எட்டலனா அடியில மணை போடுங்க, கால் அந்தரத்துல தொங்குனா உடம்பு புடிமானம் தேடி கையெல்லாம் இறுகிடும். டிவி நேர் எதிர்ல, கண் மட்டத்துல. கொஞ்சம் சைடுல இருந்தா என்னனு தோணும், ஆனா சில குழந்தைங்களுக்கு தலை ஒரு பக்கம் திரும்புனாலே அந்த பக்க கை நீண்டு மத்த பக்க கை மடங்கிக்கும், அது அவங்க பண்றதில்ல, பச்சக் குழந்தையில இருந்த ரிஃப்ளெக்ஸ் போகாம நிக்கறது. டிவி செவுத்துல உசரத்துல மாட்டியிருந்தா அண்ணாந்து பாப்பாங்க, தலை பின்னாடி போனா உடம்பே வில்லா விறைக்கும். டிவியை இறக்க முடியலனா லேப்டாப்போ டேபோ வெச்சு டேபிள்ல பண்ணுங்க. சவுண்டு கம்மியா, திடீர்னு டமால்னு கேட்டா தூக்கிவாரி போடற குழந்தைங்களுக்கு மியூட்லயே ஆடட்டும்.

என்னென்ன வெச்சு பண்ணலாம்னா, காசே ஆகாததுல இருந்து வரேன்.

முறம் கேம். பேரு நாங்க வெச்சதுதான். பழைய செல்லு ஒண்ணு, அதுல சாய்ச்சா பந்து உருள்ற மாதிரி ஒரு கேம், பிளே ஸ்டோர்ல ஏகப்பட்டது கெடக்கு. சின்ன முறத்துக்கு நடுவுல செல்லை வெல்க்ரோ ஒட்டி நிறுத்திடுங்க, ஆட்டோ ரொட்டேட் ஆஃப் பண்ணிடுங்க. இப்ப முறத்தோட ரெண்டு பக்கமும் புடிச்சு சாய்ச்சாதான் பந்து ஓட்டைக்கு போகும், ஒரு கையால புடிச்சா முறம் கவுந்துரும், அதனால இடது கையும் வந்தே ஆகணும். வெறும் செல்லை கையில குடுத்தா நல்ல கையில மட்டும் புடிச்சு முடிச்சுருவான். முறம் அகலமா இருந்தா கை விரிஞ்சு நீளும், சின்ன தட்டா இருந்தா உடம்பு கிட்ட இருக்கும், முதல்ல சின்னதுல ஆரம்பிங்க. புடி நிக்கலனா சைக்கிள் ஹேண்டில்ல போடற ஸ்பாஞ்ச் க்ரிப் ரெண்டை ஓரத்துல கட்டி விடுங்க.

அடுத்தது எனக்கு ரொம்ப புடிச்சது, ஸ்க்ராட்ச். அமெரிக்காவுல இருக்கற எம்ஐடில குழந்தைங்களுக்கு கோடிங் சொல்லித்தர செஞ்ச சாஃப்ட்வேர், இலவசம், லேப்டாப்ல ஒரு தடவை இறக்கிட்டா நெட் வேண்டாம். வீட்ல கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச அண்ணனோ அக்காவோ வாங்குன இலவச லேப்டாப் சும்மா கெடந்தா அதை எடுங்க, ரொம்ப பழசுனா முக்கி முக்கிதான் ஓடும், கேமரா வேலை செய்யுதானு மட்டும் பாருங்க. ஸ்க்ராட்சை தெறந்து கீழ இடது மூலையில இருக்கற பட்டனை அழுத்துனா எக்ஸ்டென்ஷன் லிஸ்ட் வரும், அதுல வீடியோ சென்சிங் எடுங்க, உடனே ஸ்க்ரீன்ல உங்க குழந்தையே தெரியும். பலூன் படம் ஒண்ணை கொண்டாந்து வெச்சுட்டு, வீடியோ மோஷன் இத்தனைக்கு மேல போனாங்கற கட்டளை கட்டையை (ப்ளாக்) எடுத்து, அதுக்கு கீழ சவுண்டு போடு, மறைஞ்சுக்கோ, ரெண்டு செகண்ட் இரு, திரும்ப தெரினு கட்டைங்களை வரிசையா ஒட்டுங்க. முடிஞ்சுது. பலூன் இருக்கற இடத்துல கை அசைஞ்சா பலூன் உடையும்.

இதுல என்ன அருமைனா பலூனை எங்க வைக்கறதுங்கறது உங்க இஷ்டம். கண்ணாடி மாதிரி தெரியறதால இடது கை ஸ்க்ரீன்ல இடது பக்கமே இருக்கும், பலூனை இடது மேல் மூலையில வெச்சா இடது கை தோள் உயரத்துக்கு போயே ஆகணும். ஒரு வாரம் கழிச்சு இன்னும் ஒரு இஞ்ச் மேல. கடையில வாங்கற எந்த கேம்லயும் இப்படி நம்ம குழந்தைக்கு அளவெடுத்து தைக்க முடியாது. அந்த கட்டையில 10னு ஒரு நம்பர் இருக்கும், அதை ஏத்துனா பெருசா வேகமா அசைச்சாதான் உடையும், ஆனா டைட்டான குழந்தை வேகமா வீசுனா இன்னும் டைட் ஆகும், அதனால நம்பரை ஏத்தாதீங்க, பலூனை தள்ளி வைங்க. ஃபேன் காத்துல பின்னாடி கர்ட்டன் ஆடுனாலும் பலூன் உடையும், அதனால வெறும் செவுரு பின்னாடி வர்ற மாதிரி பாத்துக்கோங்க. நல்ல கை திருட்டுத்தனமா வந்து உடைச்சுடும், அந்த கைக்கு ஒரு வேலை குடுங்க, டேபிள் ஓரத்தை புடிச்சுக்கறது, மடியில டெடியை புடிச்சுக்கறது. துணி போட்டு கட்டாதீங்க, கையை அடக்கி வெச்சு செய்யற பயிற்சிக்குனு தனி முறை இருக்கு, அதை தெரபிஸ்ட் சொல்லாம வீட்ல செய்யக்கூடாது.

டிவியில மாட்டற எக்ஸ்பாக்ஸ் 360 கேம் மெஷினும், உடம்பு அசைவை பாக்கற அதோட கைனெக்ட் கேமராவும் செகண்ட் ஹேண்ட்ல கெடைக்குது, கைனெக்ட் 2010ல வந்து 2017ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க, அதனால பழசுதான். வாங்கறப்ப பாக்க வேண்டியது: குண்டு மாடல் எக்ஸ்பாக்ஸ்னா கைனெக்டுக்கு தனி பவர் அடாப்டர் வேணும், அது இல்லாம தலையில கட்டிடுவாங்க, கேம் டிஸ்க் சேத்து வாங்குங்க, ஏன்னா 360க்கான ஆன்லைன் ஸ்டோரை 2024 ஜூலைல மூடிட்டாங்க, எக்ஸ்பாக்ஸ் ஒன் கைனெக்ட் இதுல சேராது. ஆறடி தூரம் வேணும், சேலத்துல குகை ஏரியா பக்கம் லைன் வீட்ல இருக்கறவங்க முதல்ல டேப் வெச்சு அளந்து பாத்துட்டு வாங்குங்க. ஜன்னல் வெயில் நேரா விழுந்தா தடுமாறும், தொளதொள பாவாடை போட்டா கால் எங்கனு தெரியாம முழிக்கும். நீங்க பின்னாடி ஒட்டி நின்னு புடிச்சா ரெண்டு பேரையும் ஒரே ஆளா எடுத்துக்கும், சைடுல முட்டி போட்டு இடுப்பை மட்டும் தாங்குங்க. உக்காந்து ஆடற குழந்தையை நெறைய கேம் கண்டுக்கவே கண்டுக்காது, அதனால நிக்க முடியாத குழந்தைக்கு இது வேஸ்ட்னே சொல்லுவேன்.

கால் பேலன்ஸுக்கு நிண்டெண்டோ வீங்கற கேம் மெஷினோட பேலன்ஸ் போர்டு மாதிரி இன்னொண்ணு இல்ல. பலகை மாதிரி இருக்கும், உள்ள நாலு சென்சார், எந்த கால்ல எவ்ளோ வெயிட் இறங்குதுனு ஸ்க்ரீன்ல பர்சன்டேஜே காட்டும். நாத்தனார் பொண்ணு எப்பவும் வலது கால்லயே நிப்பா, நாம சொன்னா புரியாது, ஸ்க்ரீன்ல பாத்ததும் அவளே "அத்தை, இந்த கால் சோம்பேறி"ன்றா. டேபிள் டில்ட்னு பந்தை ஓட்டைக்குள்ள உருட்டற கேம், மெதுவா வெயிட் மாத்தணும், அவளுக்கு அதுதான். முன்னாடி கனமான சேர் ஒண்ணு புடிச்சுக்க, பக்கத்துல ஒரு ஆள், கீழ வழுக்காத பாய், இது இல்லாம ஏத்தவே ஏத்தாதீங்க. ஏஎஃப்ஓ போட்டா கழட்டியானு பிசியோ கிட்ட கேட்டுக்கோங்க. நிக்க முடியாத குழந்தையை போர்டு மேலயே உக்கார வெக்கலாம், மெழுகுவத்தி அணையாம ஆடாம உக்காரணும்னு ஒரு கேம் இருக்கு, முதுகு நிமிர்றதுக்கு நல்லது. ஆனா அதே வீயோட கை ரிமோட்டை நம்பாதீங்க, டென்னிஸ்ல முழு கையை வீசணும்னு நாம நெனைப்போம், மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டுனாலே பந்து போயிடும், பசங்க ரெண்டே நாள்ல கண்டுபுடிச்சுருவாங்க.

கையும் சரியா வராது உக்காரவும் முடியாதுங்கற குழந்தைங்களுக்கு கேம் இல்லையானு கேட்டா, இருக்கு, ஒரே பட்டன் கேம். பழைய மவுஸை மொபைல் சர்வீஸ் கடையில குடுத்து லெஃப்ட் க்ளிக்ல இருந்து ரெண்டு வயர் இழுத்து பெரிய பட்டன் ஒண்ணுல சேத்து தர சொல்லுங்க, ஓடிஜி (செல்லுல மவுஸ் சொருகற சின்ன கனெக்டர்) வெச்சு செல்லுல மாட்டிக்கலாம். பட்டனை கையால அழுத்தலாம், தலை பக்கத்துல வெச்சு தலையால அழுத்தலாம், எந்த அசைவு அவங்க இஷ்டத்துக்கு நம்பிக்கையா வருதோ அங்க வைங்க. ஆண்ட்ராய்டுல ஸ்விட்ச் ஆக்சஸ்னு இருக்கு, கேமரா பாத்து கண் புருவம் தூக்கறது வாய் தெறக்கறதைக்கூட பட்டனா எடுத்துக்கும். காசு இருந்தா 2018ல வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர், 2023ல வந்த பிளேஸ்டேஷன் ஆக்சஸ் கன்ட்ரோலர் ரெண்டும் இதுக்குனே செஞ்சது. இவங்களுக்கு தசை பலத்தை விட "நான் அழுத்துனேன், அது நடந்துச்சு"ங்கறது பெரிய விஷயம், தம்பியோட சண்டை போட்டு ஜெயிக்கறது அதை விட பெரிய விஷயம். தலையில மாட்டற விஆர் எல்லாம் வேண்டாம்ங்க, தலையே நிக்காத குழந்தைக்கு அந்த கனம் எதுக்கு.

எவ்ளோ நேரம்? முதல் வாரம் அஞ்சு நிமிஷம் போதும். போகப்போக பத்து நிமிஷம், ரெஸ்ட், திரும்ப பத்து நிமிஷம், வாரத்துல நாலஞ்சு நாள். ஸ்கூல் விட்டு வந்து ஏதாச்சும் சாப்ட்டு கொஞ்சம் ஓய்ஞ்ச பெறகு. முன்னாடி ஸ்ட்ரெச்சிங், கேமை அதுக்கு லஞ்சமா வெச்சுக்கறதுல தப்பே இல்ல. பத்து தடவைக்கு எட்டு தடவை ஈசியா ஜெயிச்சா கஷ்டமாக்குங்க, பாதிக்கு பாதி தோத்தா ஈசியாக்குங்க, ரொம்ப தோத்தாலும் ரொம்ப ஜெயிச்சாலும் விட்டுருவாங்க.

நீங்க டிவியை பாக்கக்கூடாது, குழந்தையைத்தான் பாக்கணும். மத்த கை இறுக மூடுதா, நாக்கு வெளிய வருதா, உடம்பை ஒரு பக்கம் சாச்சு தோளை தூக்கி ஏமாத்துறானா, கால் கத்திரி மாதிரி குறுக்க போகுதா. குஷி ஆனா டோன், அதாவது தசை இறுக்கம், ஏறும், அது இவங்க உடம்போட சுபாவம், கொஞ்சம் ஏறுனா பரவால்ல, ரொம்ப ஏறுனா நிறுத்தி மூச்சு விட வெச்சு ஆரம்பிங்க. கையும் உடம்பும் தானா நெளியற வகை சிபினா ரேஸ் கேம் பக்கமே போகாதீங்க. வலினு சொன்னா அன்னிக்கு அவ்ளோதான். சொல்லத் தெரியாத குழந்தைனா முகம், தூக்கம், ராத்திரி அழுகை இதை பாருங்க.

இப்ப சொல்றதை செய்யலனா மேல சொன்ன எல்லாம் தண்டம். கேம் முடிஞ்ச உடனே, அதே அசைவை நெஜ வேலையில ஒரு தடவையாச்சும் செய்ய வைங்க. இடது கையை மேல தூக்கி பலூன் உடைச்சானா, அடுத்து சட்டையை அந்த கையில இருந்தே மாட்டணும். முறம் புடிச்சானா, ரெண்டு கையால தட்டுவடை செட் தட்டை வாங்கிட்டு போய் டேபிள்ல வைக்கணும், ஆசைக்கு ஒண்ணு தின்னுக்கலாம். போர்டு மேல வெயிட் மாத்துனாளா, வாசப்படி ஏறட்டும். மூளை எதை செஞ்சு பழகுதோ அதுலதான் தேறும், பலூன் உடைக்கறதை மட்டும் பழக்குனா பலூன் உடைக்கறதுல சாம்பியன் ஆவான், சட்டை மாட்ட நீங்கதான் ஓடணும்.

வீட்ல பெரியவங்க ஒத்துக்கறது தனி கதை. எங்க அம்மாயி "செல்லை குடுத்து புள்ளைய கெடுக்கற"ன்னே இருந்தாங்க, கடைசில அவங்களையே முறம் புடிச்சு பந்து உருட்ட வெச்சேன், இப்ப அவனோட அவங்கதான் போட்டி. அண்ணன் தம்பி இருந்தா மாத்தி மாத்தி ஆடட்டும், மத்தவன் ஆடற நேரம் இவனுக்கு ரெஸ்ட்டாச்சு. நியாயமா இருக்கணும்னா அண்ணனை நொட்டாங்கையில ஆட சொல்லுங்க.

மலை மேல இருக்கறவங்களுக்கு ரெண்டு விஷயம். நெட் எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாது, அதனால ஆஃப்லைன்ல ஓடற கேமா கீழ சேலம் வர்றப்பவே இறக்கிக்கோங்க, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி போய் லோடிங் சுத்தறதை பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டாம். இன்னொண்ணு குளிர். மார்கழி தையில தசை இன்னும் இறுகும், நாத்தனார் வெந்நீர்ல துண்டை நனைச்சு புழிஞ்சு காலுக்கு போட்டு, சூடு கையில பாத்துட்டுதான் போடுவாங்க, அப்புறம்தான் ஸ்ட்ரெச்சிங், அப்புறம்தான் போர்டு. கால்ல உணர்ச்சி கம்மியா இருக்கற குழந்தைக்கு சூடு ஜாக்கிரதை.

காசு விஷயம்: கேம் வாங்க எந்த திட்டமும் பணம் தராது. ஆனா சிபி குழந்தைக்கு நிராமயா இன்ஷூரன்ஸ் இருக்கு, ஒரு லட்சம் வரைக்கும், தெரபி செலவும் அதுல வரும், எடுக்காம இருந்தா கலெக்டர் ஆபீஸ் பக்கம் போறப்ப மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விசாரிங்க, யுடிஐடி கார்டும் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) அங்கயே கேட்டுக்கலாம். தெரபிக்கு அதுல கொஞ்சம் மிச்சமானா போர்டு வாங்கிக்கலாம்.

ஒரு நோட்டு போடுங்க. தேதி, எந்த கேம், எவ்ளோ நேரம், எங்க ஏமாத்துனான், வலி இருந்துச்சா, அப்புறம் சட்டை மாட்டுனானா. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அவன் ஆடறதை முன்பக்கம் இருந்து ஒரு நிமிஷம், சைடுல இருந்து ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து வைங்க, அடுத்த தடவை பிசியோ கிட்ட போறப்ப "நல்லா பண்றான் மேடம்"னு வாயால சொல்றதுக்கு பதிலா அதை காட்டுங்க, பலூனை எங்க நகத்தணும்னு அவங்க சொல்லுவாங்க.